ரேஸ் ஹேண்டில்பாரும் எம்டிபி டயரும்: டமால்பையஸ் முதல் மப்பேடு வரை

தடித்த டயர் போட்ட எம்டிபி சைக்கிளில் ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரை மாட்டிக்கொண்டு தெருவில் போனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, டீக்கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு, யாராவது ஒருத்தர் "என்னப்பா, ஆட்டுக்கொம்பு வெச்சிருக்க?" என்று கேட்பார். கேட்கிறவர் மேல் தப்பில்லை. நம் மனசில் சைக்கிள் என்றால் மூன்றே ஜாதிதான். பால்காரர் ஓட்டும் கறுப்பு சைக்கிள், பசங்க ஓட்டும் எம்டிபி, ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள். ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் வைத்தால் வேடிக்கையாகத்தான் தெரியும்.

ஆனால் இந்தக் கலப்பு சைக்கிளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் போனால் பிரான்சின் மலைப்பாதை, கலிபோர்னியாவின் காட்டுப்பாதை, அம்பத்தூர் ஃபேக்டரி, புதுக்கோட்டை கிராமங்கள் என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது. கடைசியில் தாம்பரத்துக்கே திரும்பி வருகிறது. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீங்க. ஒரு பொருளின் வடிவத்தை யார் முடிவு செய்கிறார்கள், தயாரிக்கிறவரா, சட்டமா, வாங்குகிறவரா? இது முழுக்க முழுக்க எங்க பாடம்தான் :-)

மண் ரோட்டில் பிறந்த ஹேண்டில்பார்

முதலில் ஒரு தப்பெண்ணத்தை உடைத்துவிடலாம். வளைந்த ஹேண்டில்பார் என்றால் வழவழ தார் ரோட்டுக்கு என்று நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903ல் ஆரம்பித்தது. 1910ல் முதல்முறையாக பிரனீஸ் மலைத்தொடரில் இருக்கும் டூர்மலே கணவாய் வழியாகப் பந்தயத்தை நடத்தினார்கள். அப்போது அந்த மலையில் தார் ரோடு கிடையாது. கல், சேறு, மாட்டு வண்டித்தடம், அவ்வளவுதான். கியர் மாற்றும் டிரெய்லர் வசதிக்கும் 1937 வரைக்கும் அந்தப் பந்தயத்தில் அனுமதி இல்லை. அந்தப் பாதையில் அவர்கள் ஓட்டியது வளைந்த ஹேண்டில்பார் சைக்கிளைத்தான்.

1913ல் அதே டூர்மலேயில் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரரின் ஃபோர்க் உடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் இறங்கி, கீழே இருந்த ஊரின் கொல்லன் பட்டறைக்குப் போய், தன் கையாலேயே ஃபோர்க்கைக் காய்ச்சி ஒட்டவைத்தார். வேறு யாரும் உதவக்கூடாது என்பது விதி. துருத்தி ஊத ஒரு சின்னப் பையன் கை கொடுத்தான் என்பதற்காக அவருக்கு அபராதம் போட்டார்கள்! நம்ம ஊர் பஞ்சர் கடையில் பம்ப் அடித்துக் கொடுக்கும் பையனை நினைத்துக்கொண்டேன்.

ஆக, அந்த ஹேண்டில்பார் மண்ணில் வளர்ந்ததுதான். பின்னால் ரோடு மாறியது, டயர் ஒல்லியானது. ஹேண்டில்பாரும் தார் ரோட்டின் சொத்து என்று ஆகிவிட்டது.

டமால்பையஸ் மலையில்

அடுத்த காட்சி கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற பகுதியில் டமால்பையஸ் என்று ஒரு மலை. (நம்ம ஊரில் யாராவது விழுந்தால் வரும் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள்.) 1970களில் அங்கே இருந்த இளைஞர்கள் 1930, 40களில் வந்த பழைய ஷ்வின் சைக்கிள்களை மலிவாக வாங்கி, தடித்த டயரோடு காட்டுப்பாதையில் இறக்கினார்கள். 1976 அக்டோபரில் ரீபேக் என்ற பந்தயம் ஆரம்பித்தது. பெயர்க் காரணம் சுவையானது. அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக். ஒரு முறை மலை இறங்கினாலே ஹப் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும், அதுதான் 'ரீபேக்'.

ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோரின் பெயர்கள் இங்கிருந்துதான் வருகின்றன. 1977ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிதாக ஃப்ரேம் கட்டினார். 1981ல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் என்று பெரிய அளவில் விற்கத் தொடங்கியது. மவுண்டன் பைக் என்ற சந்தை பிறந்துவிட்டது. எல்லாவற்றிலும் தட்டையான, அகலமான ஹேண்டில்பார்.

இதே மரின் பகுதியில் ஒருத்தர் மட்டும் தனி வழியில் போனார். சார்லி கன்னிங்ஹாம். 1970களின் கடைசியிலேயே அலுமினியத்தில் ஃப்ரேம் கட்டி, அதில் வளைந்த ஹேண்டில்பாரை வைத்தார். அவர் வைத்த விதம்தான் முக்கியம். ரேஸ் சைக்கிளில் மாதிரி தாழ்வாக இல்லை, உயரமாக வைத்தார். வளைவின் கீழ்ப்பகுதியைப் பிடித்தாலும் முதுகு ரொம்ப மடங்காது. வளைவின் முனைகளும் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். அதாவது கீழ்ப்பிடிதான் அன்றாடப் பிடி. குலுக்கலில் கை வழுக்கிப் போகாமல் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும், விரல் எப்போதும் பிரேக் மேலேயே இருக்கும்.

அந்த சைக்கிளில் பந்தயம் ஓட்டியவர் ஜாக்கி ஃபெலன் என்ற பெண். 1983, 84, 85 என்று தொடர்ந்து மூன்று வருடம் அமெரிக்க தேசிய சாம்பியன். சைக்கிளுக்கு 'ஓட்டோ' என்று பெயர் வேறு வைத்திருந்தார். மூன்று வருடம் ஜெயித்த வடிவத்தைச் சந்தை பின்பற்றியிருக்க வேண்டுமில்லையா? அரைகுறையாகத்தான் பின்பற்றியது. 1987ல் பிரிட்ஜ்ஸ்டோன் தன் எம்பி-1 மாடலை வளைந்த ஹேண்டில்பாரோடு விற்றது. 1989ல் ஸ்பெஷலைஸ்ட் ராக் காம்போ என்று ஒன்றை விட்டது. இரண்டுமே நிலைக்கவில்லை.

1990ல் கொலராடோ மாநிலம் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் ஜான் டோமாக் வளைந்த ஹேண்டில்பாரோடு இறங்கினார். அந்த வருடம் அவர் 7-இலெவன் அணிக்காக ரோடு ரேஸும் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சைக்கிளிலும் உடம்பு ஒரே மாதிரி உட்கார வேண்டும் என்பதுதான் காரணம். அந்தப் புகைப்படங்கள் இன்றைக்கும் சைக்கிள் பிரியர்களிடம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் குறுக்கு மலைப் பந்தயத்தில் அவர் உலக சாம்பியன் ஆனது அடுத்த வருடம், 1991ல், தட்டை ஹேண்டில்பாரில். அதோடு சந்தை தீர்ப்பு எழுதிவிட்டது. கிட்டத்தட்ட இருபது வருடம் இந்த வடிவம் ஒரு சில கிறுக்கர்களின் சொத்தாகவே இருந்தது.

திரும்பி வந்தது நெடுந்தூரப் பயணத்தால். கனடாவின் பான்ஃப் ஊரிலிருந்து மெக்சிகோ எல்லை வரை மலை முதுகிலேயே போகும் டூர் டிவைட் பந்தயம் 2008ல் தொடங்கியது. சுமார் 4,400 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்குக் கையை ஒரே நிலையில் வைத்தால் விரல் மரத்துப்போகும். வளைந்த பாரில் மூன்று நான்கு இடத்தில் பிடிக்கலாம். சால்சா கம்பெனி 2015ல் இந்தப் பந்தயத்தை மனதில் வைத்தே கட்த்ரோட் என்ற சைக்கிளை அறிமுகப்படுத்தியது. கன்னிங்ஹாம் செய்து சுமார் 35 வருடம் கழித்து!

அம்பத்தூரில் என்ன நடந்தது?

இனி நம்ம ஊர். சென்னைக்கு சைக்கிள் கம்பெனி ஒன்றும் புதிதில்லை. முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949ல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரில் ஃபேக்டரி. ஹெர்குலிஸ் என்பது பர்மிங்காமில் 1910ல் தொடங்கிய சைக்கிள் கம்பெனியின் பெயர். பிஎஸ்ஏ என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கி செய்த கம்பெனி. அதன் சைக்கிள் பிரிவை 1957ல் ராலே வாங்கியது, 1960ல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கைக்கு வந்தது. நம் தாத்தாக்கள் 'ஹெர்குலிஸ்', 'பிஎஸ்ஏ' என்று சொந்தப் பிள்ளை மாதிரி சொன்ன பெயர்களுக்குப் பின்னால் இவ்வளவு கொடுக்கல் வாங்கல்.

அந்த சைக்கிள்கள் 28 × 1½ டயர், கம்பி பிரேக், கனமான இரும்பு ஃப்ரேம். இங்கிலாந்துப் போலீஸ்காரருக்கும் தபால்காரருக்கும் செய்த வடிவம். நம் மண் ரோட்டுக்கு அது ஆச்சரியமாகப் பொருந்தியது. மூட்டை ஏற்றலாம், பின்னால் ஒருத்தர், முன்னால் ஒருத்தர் உட்காரலாம். அதனால் பல பத்தாண்டுகள் வடிவம் மாறவே இல்லை.

பொருந்தியது என்பது மட்டும் காரணம் இல்லை. 1967 முதல் அரசு சில பொருட்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. 47ல் தொடங்கிய பட்டியல் பின்னால் 800க்கும் மேல் போனது. சைக்கிள் உதிரி பாகங்களில் பலவும் அதில் இருந்தன. லூதியானாவில் ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள் வாழ்ந்தது இதனால்தான், அதை மறுக்க முடியாது. அதே சமயம் ஒரு சின்னப் பட்டறை புதுவிதமான பிரேக்கோ கியரோ உருவாக்க முதலீடு போட முடியாது. பெரிய கம்பெனி போட நினைத்தாலும் அனுமதி இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால் இறக்குமதிக் கட்டுப்பாடு. முடிவு, எல்லா சைக்கிளுக்கும் ஒரே பாகம். வடிவத்தை நிர்ணயித்தது ரோடும் இல்லை, ஓட்டுகிறவரும் இல்லை, பட்டியல்தான்.

1991 ஜூலையில் தொழில் லைசென்ஸ் முறை பெரும்பாலும் போனது. 2001 ஏப்ரல் 1ல் மிச்சமிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. சிறுதொழில் ஒதுக்கீட்டுப் பட்டியலின் கடைசி 20 பொருட்கள் 2015ல்தான் விடுவிக்கப்பட்டன. கியர் சைக்கிள் ஏன் நம் தெருவுக்கு இவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு இந்தத் தேதிகளே பதில்.

இடையில் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் வந்தது, இளைஞர்களுக்கு என்று சொல்லி விற்ற ஒல்லி சைக்கிள். ஹீரோவிடமிருந்து ரேஞ்சர் வந்தது. வளைந்த ஹேண்டில்பாரோடு ஹாக் என்று ஒன்றையும் ஹீரோ விற்றது. 1990களில் ஹெர்குலிஸ் எம்டிபி தெருவெல்லாம் ஓடியது. அப்போது எம்டிபி என்பது ஒரு மாடலின் பெயர் என்பதே மறந்துபோய், தடித்த டயர் போட்டது எல்லாமே எம்டிபி என்று ஆகிவிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே கியர், இரும்பு ஃப்ரேம். மலைக்குப் போனதில்லை, டியூஷனுக்குத்தான் போயின. வளைந்த பாரும் தடித்த டயரும் சேர்ந்த சைக்கிளை அந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது.

கம்பெனி செய்யாததை ஓட்டுகிறவர் செய்வார்

கம்பெனி செய்யவில்லை என்பதால் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. சாதாரண சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் ரேஸ் சைக்கிள். அப்பா தலைமுறையைக் கேட்டால் தெருவுக்கு ஒருத்தராவது இதைச் செய்திருப்பார். தண்ணிக் குடம் மாட்ட கேரியரில் இரண்டு பக்கமும் கொக்கி வெல்டிங், கேஸ் சிலிண்டர் மாட்ட இன்னொரு வளையம், சாணை பிடிக்கிறவருக்கு ஸ்டாண்டோடு தனிச் சக்கரம் என்று நம் ஊரில் சைக்கிள் மாற்றியமைக்கும் கலை ரொம்பப் பழையது. மரின் பசங்க ஷ்வின் சைக்கிளில் செய்ததும் இதுதான். அவர்களுக்குப் பக்கத்தில் முதலீடும் பத்திரிகையும் இருந்தன, இங்கே வெல்டிங் கடை மட்டும் இருந்தது.

இதில் மறக்கக்கூடாத ஒன்று புதுக்கோட்டை. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பெண்கள் ஜெண்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். ஏனென்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம்!

யோசித்துப் பாருங்க. 'லேடீஸ் சைக்கிள்' என்ற வடிவமே பெண்களின் உடைக்குத் தோதாக என்று கம்பெனி முடிவு செய்தது. அந்தப் பெண்களுக்கு வேண்டியது குழந்தையோடு போகும் வண்டி. அதை எந்த மார்க்கெட்டிங் துறையும் கேட்கவில்லை. ஜாக்கி ஃபெலனின் ஓட்டோவும் புதுக்கோட்டையின் ஜெண்ட்ஸ் சைக்கிளும் எனக்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. இதை இப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று சொன்னதைக் கேட்காமல், தனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டவர்கள்.

தாம்பரத்து ஜல்லி

சரி, தாம்பரத்துக்கு எதற்கு இந்த சைக்கிள்? இங்கே மலை ஒன்றும் பெரிதாக இல்லையே?

மலை இல்லை, ஜல்லி இருக்கிறது. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை குன்றுகள் எல்லாம் சார்னோகைட் என்ற பாறை. அந்தப் பாறைக்குப் பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை என்பதால் அவர் பெயர். குவாரியில் உடைத்த இந்தக் கல்தான் புறநகர் ரோடுகளுக்கு ஜல்லியாகப் போனது. 1863 மே 30ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியாகப் பேசப்படும் கல்லைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில், ஒரு சரளைக் குழியில்தான். கைக்குப் பிடிக்கிற மாதிரி கருவியைச் செதுக்கிக்கொள்ளும் வழக்கம் இந்தச் சரளைக்கு ரொம்பப் பழசு :-)

1931ல் பீச் - தாம்பரம் மின்சார ரயில் வந்தபோதிலிருந்து இந்தப் பக்கத்து வாழ்க்கை ஸ்டேஷனைச் சுற்றியது. சேலையூர், முடிச்சூர், மாடம்பாக்கம் பக்கமிருந்து சைக்கிளில் வந்து, ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். அந்த ஸ்டாண்டுகளில் இப்போது பைக்தான் வரிசை கட்டி நிற்கிறது. 2021ல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர் பெரிதானது. உள்தெருக்கள் பழையபடிதான். பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை, குடிநீருக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை தோண்டிய ரோடு. ஒரு கிலோமீட்டருக்குள் தார், சிமெண்ட், ஜல்லி, செம்மண், மழை வந்தால் சேறு என்று ஐந்தும் வரும்.

ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள் இங்கே பள்ளத்தில் ரிம்மை நெளித்துக்கொள்ளும். சாதாரண எம்டிபி பள்ளத்தைத் தாங்கும். ஆனால் வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டுக்கு வெளியே வந்ததும் மதியத்துக்கு மேல் கடல் காற்று நெஞ்சில் அடிக்கும், நிமிர்ந்து உட்கார்ந்தால் மிதிக்க முடியாது. தடித்த டயரும் வேண்டும், குனியவும் இடம் வேண்டும். அதாவது இந்த நிலமே அந்தக் கலப்பு வண்டியைத்தான் கேட்கிறது.

கட்டுவது எப்படி

நான் கட்டிய வண்டியின் கணக்கு இது, செகண்ட் ஹாண்ட் சந்தையிலும் தெரிந்த கடைகளிலும் அலைந்து சேர்த்தது. பழைய ஆறு கியர் எம்டிபி 2,200. வளைந்த ஹேண்டில்பார் 1,100. குட்டையான ஸ்டெம் 450. பிரேக் லீவர் ஜோடி 900. கேபிளும் டேப்பும் 650. டயர் இரண்டு 1,300. கியர் லீவர் 250. மெக்கானிக் அண்ணனுக்குக் கூலி 500. ஆக மொத்தம் 7,350 ரூபாய். அண்ணன் வேலையை ஆரம்பிக்கும் முன் "இது தேவையா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். முடித்ததும் அவரே ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார்.

யாராவது செய்ய நினைத்தால் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, கை எட்டும் தூரம். தட்டைப் பாரில் கை பாரின் மேலேயே இருக்கும். வளைந்த பாரில் பிரேக் லீவரின் தலையைப் பிடிக்கும்போது கை சுமார் 10 செ.மீ. முன்னால் போய்விடும். அதனால் ஸ்டெம் குட்டையாக, உயரமாக இருக்க வேண்டும். ஃப்ரேம் ஒரு சைஸ் சின்னதாக இருந்தாலும் நல்லதே. கன்னிங்ஹாம் சொன்ன பாடம் இதுதான், கீழ்ப்பிடி வசதியாக இல்லையென்றால் வளைந்த பார் வைத்ததே வீண்.

இரண்டாவது, பாரின் தடிமன். தட்டைப் பாரில் கைப்பிடிப் பகுதி 22.2 மி.மீ., வளைந்த பாரில் 23.8 மி.மீ. அதனால் எம்டிபியின் பிரேக் லீவர், கியர் லீவர் எதுவும் நேரடியாக மாட்டாது. ஸ்டெம் பிடிக்கும் இடத்திலும் 25.4, 26, 31.8 என்று பல அளவு உண்டு. கடைக்குப் போகும்போது வெர்னியர் காலிபரோ, குறைந்தபட்சம் பழைய ஸ்டெம்மோ கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, பிரேக். இதில்தான் உயிர் இருக்கிறது. ரேஸ் லீவர் கேபிளைக் கொஞ்சம்தான் இழுக்கும். வி-பிரேக்குக்கு நிறைய இழுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் லீவர் பார் வரை வந்துவிடும், வண்டி நிற்காது. பழைய கான்டிலீவர் பிரேக் இருக்கும் ஃப்ரேமாகத் தேடினால் சாதாரண ரேஸ் லீவரே போதும். வி-பிரேக்தான் இருக்கிறது என்றால் அதற்கென்று வரும் நீள இழுவை லீவர் வாங்க வேண்டும், அல்லது கை குட்டையான மினி வி-பிரேக். டிஸ்க் என்றால் கேபிள் டிஸ்க்கிலும் ரோடு வகை, எம்டிபி வகை என்று தனித்தனியாக இருக்கின்றன.

நான்காவது, கியர். ஒட்டுமொத்தமாக லீவரிலேயே கியர் வரும் செட் விலை அதிகம். மலிவான வழி ஒன்று உண்டு. பழைய ஸ்டியரிங்கில் உள்ளே இறங்கும் ஸ்டெம்மின் தண்டும் 22.2 மி.மீ.தான். ஆகவே பழைய தம்ப் ஷிஃப்டரை, ஸ்டெம்மைக் கழற்றி வைத்திருக்கும்போதே அந்தத் தண்டில் கோர்த்துவிடலாம். முழங்கால் பக்கம் கையைக் கொண்டுபோய் கியர் மாற்ற வேண்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஐந்தாவது, டயர். '26 இன்ச்' என்ற வார்த்தையை நம்பாதீங்க. எம்டிபியின் 26 × 1.95 டயர் உட்காரும் ரிம் 559 மி.மீ. 26 × 1⅜ என்றால் 590. 26 × 1½ என்றால் 584. மூன்றும் 26 இன்ச், ஒன்று மற்றதில் ஏறாது. வேடிக்கை என்னவென்றால், இப்போது ஷோரூமில் புதுசு மாதிரி விற்கும் 27.5 இன்ச் எம்டிபியின் ரிம்மும் அதே 584 தான்! பழைய அளவுக்குப் புதுப் பெயர்.

ஓட்டிப் பார்த்தால்

கேம்ப் ரோட்டிலிருந்து அகரம்தென், மப்பேடு பக்கம் போகும் காலை நேரம்தான் இந்த வண்டிக்கு உகந்தது. மேல்பிடியில் நிதானமாகப் போகலாம். பள்ளம் வந்தால் கீழ்ப்பிடி. ஏரிக்கரை மண்ணில் கை நழுவுவதில்லை, மணிக்கட்டு வலியும் குறைவு. எதிர்க்காற்றில் குனிந்துகொள்ளலாம்.

குறையும் உண்டு. பாறை நிறைந்த செங்குத்தான இறக்கத்தில் அகலமான தட்டைப் பார்தான் ராஜா, திருப்ப அதிக பலம் கிடைக்கும். டோமாக் அடுத்த வருடமே மாறியதற்கு அர்த்தம் இருக்கிறது. நெரிசலில் சட்டென்று ஒடிக்கும்போதும் வளைந்த பார் கொஞ்சம் அகலக் குறைவுதான். எல்லாருக்கும் இதுவே சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ரோட்டில் ஓட்டுகிறோம் என்பதை வைத்து வண்டியை முடிவு செய்யலாம் என்பதுதான் விஷயம்.

கடைசியாக

தமிழ்நாடு அரசு 2001-02ல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் விரிவாக்கியது. வீட்டுக்கு ஒரு சைக்கிள் வந்தது, நல்ல திட்டம். ஆனால் பள்ளி முடித்ததும் அந்த சைக்கிள் என்ன ஆகிறது என்று அக்கம்பக்கத்தில் பாருங்க. மொட்டை மாடியில் துருப்பிடிக்கும், அல்லது காயலான் கடைக்குப் போகும். காலேஜ் சேர்ந்தால் பைக், இல்லையென்றால் பஸ். சைக்கிள் என்றால் ஒன்று இல்லாதவர் வண்டி, இல்லையென்றால் லட்ச ரூபாய் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் ஓட்டுகிறவர் வண்டி. நடுவில் இருந்த சாதாரண சைக்கிள் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. 1951ல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் கம்பெனி தன் சாகிபாபாத் ஃபேக்டரியை நிறுத்தியது 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று!

2023 பட்ஜெட்டில் இறக்குமதி சைக்கிளுக்கு வரி 30லிருந்து 35 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி ஏறும், இறங்கும். ஆனால் வரி குறைந்ததால் மட்டும் யாரும் ஜிஎஸ்டி ரோட்டில் சைக்கிளை இறக்கப் போவதில்லை. (அந்த ஜிஎஸ்டி வேறு, இந்த ஜிஎஸ்டி வேறு!) லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போக பயம். உள்தெரு வழியாகப் போகலாம் என்றால் ரோடு இந்த லட்சணம்.

அந்த உள்தெருவுக்கு ஏற்ற சைக்கிளை யாராவது கம்பெனி நினைத்துச் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது. கிறிஸ்டோஃப் பட்டறையில் தானே அடித்தார். கன்னிங்ஹாம் தானே ஒட்டினார். புதுக்கோட்டை அக்காக்கள் இருந்ததை எடுத்து ஓட்டினார்கள். உங்கள் மாடியிலும் ஒரு பழைய எம்டிபி தூசி படிந்து கிடக்கலாம். செயினுக்கு எண்ணெய் விட்டு, டியூபை மாற்றி, முதலில் உருள வையுங்கள். ஹேண்டில்பார் தட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. தெருமுனையில் பஞ்சர் கடை இன்னும் இருக்கிறது. நாலு சைக்கிள் வந்தால்தான் அதுவும் இருக்கும்.